கரையில் ஆறு மணி நேரம்

1

கப்பலில் கொடுத்த அட்டை இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது. அறைக் கதவைத் திறக்க, சாப்பிட, இறங்க, திரும்ப ஏற, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே அட்டைதான். அதில் என் பெயர் சவரிமுத்து என்று அச்சாகியிருக்கிறது. அது என் அப்பாவின் பெயர். ஆதாரில் தலைப்பெழுத்தை விரித்து எழுதியபோது அவர் முன்னால் வந்துவிட்டார், அந்தோணிசாமி என்கிற நான் பின்னால் போய்விட்டேன். நான்கு இரவுப் பயணத்தில் பரிமாறுகிறவர்கள் உட்பட எல்லோரும் என்னை அப்பா பெயரால்தான் கூப்பிட்டார்கள். அவர் இறந்து நாற்பத்தொரு வருடம். கப்பலைப் பார்த்தவரில்லை.

நான் செகந்திராபாத்துக்கு வந்து இந்த மாதத்தோடு ஐம்பத்து நான்கு வருடம் முடிகிறது. முப்பத்தெட்டு வருடம் ரயில்வே கண்ட்ரோல் அறையில் உட்கார்ந்து வண்டிகளை ஓட்டினேன். நான் ஓட்டவில்லை, எந்த வண்டி எங்கே எத்தனை நிமிடம் நிற்க வேண்டும், எதை முதலில் விட வேண்டும் என்று போனில் சொன்னேன். ஓய்வு பெற்றுப் பதினாறு வருடம். இப்போது போலாரம் பக்கம் ஓர் அடுக்குமாடியில், மூன்றாவது மாடியில், மகன் ஆனந்த் வீட்டில் இருக்கிறோம். ஆனந்த் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் மேலாளர். மருமகள் பள்ளி ஆசிரியை. பேத்தி நிஷாவுக்குப் பதினைந்து வயது. என் மனைவி ரெஜினா பக்கவாதத்துக்குப் பிறகு வாக்கர் பிடித்து நடக்கிறாள். பேச்சு பெரும்பாலும் போய்விட்டது.

இரண்டு வருடம் முன்பு நான் குளியலறையில் விழுந்தேன். அதிலிருந்து கேட்டைத் தாண்டித் தனியாகப் போக எனக்கு அனுமதியில்லை. லிப்டிலிருந்து கேட் வரை தொண்ணூற்றாறு அடி. தொண்ணூற்று ஏழாவது அடியில் வாட்ச்மேன் எழுந்து நிற்பார். "ஒக்க நிமிஷம் சார், ஆனந்த் சார்கி போன் சேஸ்தானு" என்பார். ஒரு நிமிடம், ஆனந்துக்குப் போன் செய்கிறேன் என்று மரியாதையாகத்தான் சொல்வார். நான் திரும்பி வந்துவிடுவேன்.

2

என் தங்கை பிலோமினா பண்ருட்டிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். எழுபத்தொரு வயது. அங்கன்வாடியில் வேலை பார்த்தவள், கணவர் இல்லை, மகன் ஜெரோமோடு இருக்கிறாள். ஆறு வருடமாக அவளுக்குக் காது அறவே கேட்பதில்லை. போனில் பேச வழியில்லை. வீடியோ காலில் ஜெரோம் போனைப் பிடித்துக்கொண்டிருப்பான். அவள் என் நெற்றிக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருப்பாள். அதனால் கடிதம்தான். மாதம் ஒன்று.

அவளை நேரில் பார்த்து ஒன்பது வருடம். அதற்குள் நான்கு முறை வருகிறேன் என்று எழுதினேன். முதல் முறை ரெஜினாவுக்குப் பக்கவாதம். இரண்டாவது ஊரடங்கு. மூன்றாவது இந்த வீட்டுக்குக் குடிவந்தது. நான்காவது நான் விழுந்தது. அதன் பிறகு அவளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அவள் பேசுகிற மாதிரியே எழுதுவாள். "வர்றதா இருந்தா சொல்லு. இல்லாட்டி சொல்லாத. நாலு வாட்டி வூட்டுக்கு வெள்ள அடிச்சாச்சு."

அதற்குப் பிறகு நான் எந்தக் கடிதத்திலும் வருகிறேன் என்று எழுதவில்லை.

கம்பெனியில் ஆனந்துக்குப் பரிசாகக் குடும்பத்தோடு கப்பல் பயணம் கொடுத்தார்கள். விசாகப்பட்டினத்தில் ஏறி சென்னையில் இறங்க வேண்டும். நடுவில் ஒரு பகல் புதுச்சேரிக்கு எதிரே நங்கூரம் போடுவார்கள். சின்னப் படகுகளில் கரைக்கு அழைத்துப் போவார்கள். நான் அந்தத் தாளை நான்கு முறை படித்தேன். புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிலோமினா வீடு ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். இந்த ஒன்பது வருடத்தில் நான் அவளுக்கு இவ்வளவு பக்கத்தில் போனதில்லை.

கப்பல்காரர்களே ஏற்பாடு செய்யும் சுற்றுலா ஒன்று உண்டு. குளிர்பேருந்து, கடற்கரை, தேவாலயம், சாப்பாடு. அதில் போகிறவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். சொந்தமாகப் போகிறவர்களுக்குக் காத்திருக்காது. கரையிலிருந்து கடைசிப் படகு மூன்றரை மணி. இதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பே நான் கால அட்டவணை போட ஆரம்பித்தேன். ரயில்வேயில் ஒரு முறை உண்டு. வண்டி கடைசி ஸ்டேஷனை நெருங்கும் பகுதியில், தேவையைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைப்போம். வழியில் இழந்ததை அங்கே ஈடுகட்டலாம். நானும் அப்படியே வைத்தேன். ஒன்பதரைக்குக் கரை, பதினொன்றரைக்கு அவள் வீடு. திரும்பும்போது மூன்று மணிக்கே படகுத் துறையில் நிற்க வேண்டும். ஓட்டம் ஒரு மணி ஐம்பது நிமிடம். டயர் பஞ்சருக்கு இருபத்தைந்து. கடலூர் நெரிசலுக்கு இருபது. ரயில்வே கேட்டுக்குப் பத்து. யாராவது கழிப்பறை போக நேர்ந்தால் பத்து. எல்லாம் கழித்துப் பார்த்தால் பன்னிரண்டு ஐந்துக்கு அவள் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும்.

கரையில் ஆறு மணி நேரம். அதில் பிலோமினாவுக்கு முப்பத்தைந்து நிமிடம்.

ஏழு முறை மாற்றி எழுதினேன். முப்பத்தைந்துக்கு மேல் வரவில்லை.

3

ஜெரோமிடம் மட்டும் போனில் சொன்னேன். அம்மாவிடம் சொல்லாதே, நான் வாசலில் வந்து நிற்கும்போது தெரிந்தால் போதும் என்றேன். ஐந்தாவது முறையும் அவளை வெள்ளையடிக்க வைக்க எனக்குத் துணிவில்லை.

கப்பலில் எங்களுக்குக் கிடைத்தது உள்ளறை. ஜன்னல் கிடையாது. சுவரில் ஒரு டிவி. அதில் ஓர் அலைவரிசையில் கப்பலின் முன்பக்கத்துக் கடலைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். ரெஜினா கட்டிலில் சாய்ந்து அதையே பார்த்தாள். கடல் எங்களுக்கு வெளியே இருபது அடியில் இருந்தது, நாங்கள் டிவியில் பார்த்தோம். அறைக்கு நீளம் பதினைந்து அடி, அகலம் ஒன்பது. வீட்டில் என் அறை இதைவிட ஓர் அடி பெரிது.

சொந்தமாக இறங்குகிறவர்கள் முந்தின நாளே ஒரு படிவம் நிரப்ப வேண்டும். எழுபத்தைந்து வயதுக்கு மேல் என்றால் குடும்பத்தில் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். எனக்கு எழுபத்தாறு. ஒரு வருடத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஆனந்த் என் அட்டவணையை வாங்கி நிதானமாகப் படித்தான். அவன் வேலையே அதுதான். கம்பெனியில் ஒரு மாத்திரையின் நிறம் மாறினால்கூட ஏன், எப்படி, யார் அனுமதித்தது என்று தாள் வேண்டும் அவனுக்கு.

"டாடி, ஆறு மணி நேரத்துல முப்பத்தஞ்சு நிமிஷமா? இதுக்காக இவ்ளோ ரிஸ்க்கா?"

முப்பத்தைந்து நிமிடம் போதும் என்றேன். கப்பல் போய்விட்டால் என்ன செய்வாய் என்று கேட்டான். சென்னைக்கு பஸ்ஸில் வந்து உங்களை அங்கே பிடித்துக்கொள்கிறேன் என்றேன். மாத்திரைகளும் இன்சுலினும் யார் கொண்டுவருவார்கள் என்றான். அதற்கும் ஒரு வரிசை போட்டு வைத்திருந்தேன், அதையும் படித்தான். கையெழுத்து மட்டும் போடவில்லை. எனக்குக் கோபம் வந்து, உன் பிறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவன் நான் என்றேன். இப்போது நினைத்தால் சிறுபிள்ளைத்தனம்தான்.

கடைசியில் நிஷா தீர்த்துவைத்தாள். நானும் போகிறேன் என்றாள். பாசம் என்று சொல்ல மாட்டேன். கப்பலில் அவளுக்கு நெட்வொர்க் இல்லை. இரண்டு நாளாகச் சிறையில் இருப்பதுபோல நடந்துகொண்டிருந்தாள். கரையில் சிக்னல் கிடைக்கும். ஆனந்த் அவள் போனில் இருப்பிடம் தெரியும்படி எதையோ அமைத்துவிட்டு, படிவத்தில் கையெழுத்திட்டான். தேதி, நேரம் இரண்டும் போட்டான்.

4

மறுநாள் காலை கடல் கொஞ்சம் எழும்பியிருந்தது. படகுகள் தாமதமாகும் என்று அறிவித்தார்கள். முதலில் கப்பல் சுற்றுலாக்காரர்கள், பிறகு நாங்கள். எங்கள் வரிசை எண் ஒன்பது. நானும் நிஷாவும் ஐந்தாவது தளத்தில் படிக்கட்டுப் பக்கம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு வட்டக் கண்ணாடி வழியாகக் கரை தெரிந்தது. தென்னை மரங்களை எண்ண முடிகிற தூரம்.

படகுத் துறையில் கால் வைத்தபோது பத்து ஐம்பது. எண்பது நிமிடம் தாமதம். பிலோமினா வீட்டுக்குப் போய்ச் சேர பன்னிரண்டு ஐம்பது ஆகும். பன்னிரண்டு ஐந்துக்கு அங்கிருந்து கிளம்பியிருக்க வேண்டும். முப்பத்தைந்து நிமிடம் போய், மைனஸ் நாற்பத்தைந்து.

கண்ட்ரோலில் இருந்தவனுக்கு இது பழக்கமான இடம். இப்படி ஒரு வண்டி வந்தால் யோசிக்கவே மாட்டோம், ரத்து செய்துவிடுவோம். நடுவழியில் பயணிகளை நிறுத்துவதைவிட அது மேல். ஏற்பாடு செய்திருந்த காரின் டிரைவர் செல்வம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நான் கயிறு கட்டும் இரும்புக் குமிழ் ஒன்றின்மேல் உட்கார்ந்து ஜெரோமுக்குப் போன் செய்தேன். வரவில்லை என்று சொல்லத்தான். நல்லவேளை அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

"மாமா, கோச்சுக்காதீங்க. நேத்தே அம்மாகிட்ட எழுதிக் காட்டிட்டேன். காலையிலேர்ந்து உங்களுக்குப் போன் போடறேன், போகவே மாட்டேங்குது. அவங்க ஏழு மணி பஸ்ஸுக்கே கெளம்பிட்டாங்க."

எங்கே என்று கேட்டேன்.

"கடலூருக்கு. பஸ் ஸ்டாண்டுல டைம் ஆபீஸ் பக்கத்துல உக்காந்திருப்பாங்களாம். பாதி வழி நா வரேன், பாதி வழி அண்ணன் வரட்டும்னாங்க. கூட வரேன்னா வாணாம்ட்டாங்க."

கடலூர் இங்கிருந்து இருபத்து நான்கு கிலோமீட்டர்.

ஒற்றை ரயில்பாதையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் வந்தால், நடுவில் ஒரு ஸ்டேஷனில் ஒன்றை ஒதுக்கி நிறுத்தி மற்றதை விடுவோம். கிராசிங் என்பது அதுதான். கண்ட்ரோலரின் முழு வேலையும் அதுதான். முப்பத்தெட்டு வருடம், ஒரு நாளைக்கு இருபது முப்பது கிராசிங் போட்டவன் நான். இரண்டு மாதம் உட்கார்ந்து ஏழு அட்டவணை எழுதியதில், எதிர்த்திசையிலிருந்தும் ஒரு வண்டி வரலாம் என்று ஒரு முறைகூட எனக்குத் தோன்றவில்லை.

காரில் போகும்போது செல்வம் டீ குடிக்க நிறுத்தவா என்று கேட்டார். "நக்கோ, சீதா போங்க" என்றேன். வேண்டாம், நேராகப் போங்கள் என்பது செகந்திராபாத் பேச்சாக வாயில் வந்துவிட்டது. கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"சாருக்கு எந்த ஊரு?"

இந்த ஊர்தான், பண்ருட்டிப் பக்கம் என்றேன்.

5

பதினொன்று நாற்பதுக்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டு. டைம் ஆபீஸை ஒட்டிய சிமெண்டு பெஞ்சில் ஒரு குடை, இரண்டு பைகள், ஒரு தூக்கு, பிலோமினா. எட்டு இருபதிலிருந்து அங்கேயே இருக்கிறாள். மூன்று மணி இருபது நிமிடம். பின்னால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்காது என்பதால், பஸ் உள்ளே வரும் வழியைப் பார்த்தபடி கழுத்தைத் திருப்பாமல் இருந்திருக்கிறாள். எழுந்து போக நேரும் என்று தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இதைப் பக்கத்தில் பூ விற்கிற அம்மாள்தான் என்னிடம் சொன்னாள், கொஞ்சம் குற்றம் சாட்டுகிற குரலில்.

பிலோமினா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"முடியெல்லாம் எங்க போச்சு?" என்றாள். காது போனபின் அவள் குரல் பெரிதாகிவிட்டது. பெஞ்சில் இருந்த எல்லோரும் என் தலையைப் பார்த்தார்கள்.

பிறகு நிஷாவின் கன்னத்தைப் பிடித்து, இதுதான் ஆனந்து பெண்ணா, ஏன் இவ்வளவு ஒல்லி, கப்பலில் சோறு போடுவதில்லையா என்று கேட்டாள். நிஷா தெலுங்கில் பதில் சொன்னாள். வீட்டில் நான் தமிழில் கேட்டு அவள் தெலுங்கில் பதில் சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இங்கே எரிய ஒன்றுமில்லை. கேட்காத காதுக்கு எந்த மொழியும் ஒன்றுதான். இருவரும் பத்து நிமிடம் அப்படியே பேசினார்கள். பிலோமினா தூக்கைத் திறந்தாள். இட்லி, மல்லாட்டைச் சட்னி. வேர்க்கடலையை யாரும் மல்லாட்டை என்று சொல்லிக் கேட்டு எனக்கு ஒன்பது வருடம் ஆகியிருந்தது. நிஷா ஆறு இட்லி சாப்பிட்டாள்.

நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் காட்டினேன். அவள் வாயால் பதில் சொன்னாள். ஒன்று இருபத்தைந்துக்குக் கிளம்ப வேண்டும் என்று முதலில் எழுதினேன். இரண்டாவது பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்போல.

"அதக் கழட்டி அந்தப் பொண்ணு கைல குடு."

கொடுத்தேன். நிஷா தன் மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். அவளுக்கு அது தொளதொளவென்று இருந்தது.

ரெஜினா எப்படி இருக்கிறாள், எத்தனை மாத்திரை, ஜெரோமின் வேலை, முந்திரி மரங்கள் இந்த வருடம் ஏமாற்றியது எல்லாம் பேசினோம். பிறகு அவள் நோட்டை என் கையிலிருந்து வாங்கி மூடி, மடியில் வைத்துக்கொண்டாள். அப்படிச் செய்தால் நான் எதுவும் சொல்ல முடியாது.

"நாலு வாட்டி வரேன்னு எழுதின. நீ வரலன்னு எனக்குக் கோவம் இல்ல அண்ணே. உனுக்கு அண்ணி இருக்காங்க, வுழுந்து எழுந்த ஒடம்பு, புள்ள வுடமாட்டான். எல்லாம் எழுதின, எல்லாம் படிச்சேன். ஆனா அம்பத்தி நாலு வருசம் ஆச்சே. ஒரே ஒரு வாட்டி, நீ கெளம்பி வா பிலோமினான்னு எழுதினியா?"

நான் நோட்டைக் கேட்டுக் கையை நீட்டினேன். யோசித்துவிட்டுக் கொடுத்தாள். வீடு சின்னது, மூன்றே அறை, ரெஜினாவால் யாரையும் கவனிக்க முடியாது என்று எழுதினேன்.

படித்தாள். "நா வூட்டக் கேட்டனா?" என்றாள்.

பூக்காரம்மாள் கட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். பேனா கையில் இருந்தது. அந்தப் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, நேற்றுகூடப் பார்த்தேன்.

கண்ட்ரோலில் ஒரு வழக்கம். எக்ஸ்பிரஸுக்குப் பாதையைக் கொடுத்துவிட்டு, பாசஞ்சர் வண்டியை லூப் லைனில் ஒதுக்கி நிறுத்துவோம். அது எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் மேலே இருந்து கேட்க மாட்டார்கள். ஐம்பத்து நான்கு வருடமாக யார் வண்டி ஓடியது, யார் வண்டி நின்றது என்று அந்தப் பெஞ்சில்தான் எனக்குத் தெரிந்தது.

நிஷா எழுந்து என் தோளைத் தொட்டபோது மணி ஒன்று ஐம்பது. நான் பதறிப்போனேன். அவள் நிதானமாகத் தெலுங்கில் சொன்னாள்: பஞ்சருக்கு வைத்த இருபத்தைந்து நிமிடத்தை அந்தப் பாட்டிக்குக் கொடுத்துவிட்டேன், பஞ்சர்தான் ஆகவில்லையே. திரும்பும்போது ஆகலாம் என்றேன். ஆகலாம் என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

ஆகவில்லை. இரண்டு முப்பத்தெட்டுக்குப் படகுத் துறையில் இருந்தோம். முந்தின படகு போய்விட்டிருந்தது, கடைசிப் படகுக்கு ஐம்பத்திரண்டு நிமிடம் இருந்தது. அவ்வளவு நேரமும் வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்தோம். அந்த ஐம்பத்திரண்டு நிமிடத்தை நான் இன்னும் கணக்கிலிருந்து எடுக்கவில்லை. கப்பலில் ஏறும்போது அட்டையைத் தேய்த்தார்கள். "வெல்கம் பேக், மிஸ்டர் சவரிமுத்து" என்றது ஒரு பெண் குரல். ஆனந்த் படிக்கட்டின் மேல் நின்றுகொண்டிருந்தான். மூன்று மணி நேரமாக அங்கேயே நிற்கிறான் என்று மருமகள் சொன்னாள்.

6

திரும்பி வந்து ஐந்து வாரம் ஆகிறது. வா என்று எழுதத்தான் தினமும் உட்காருகிறேன். எந்த வண்டி, யார் ஸ்டேஷனுக்குப் போவது, கேட்டில் என்ன சொல்வது, யார் எங்கே படுப்பது என்று கணக்குப் போட ஆரம்பித்ததும் சாயங்காலம் ஆகிவிடும். எழுதி முடிக்காத கடிதங்கள் மூன்று கைவசம் இருந்தன, எல்லாம் அட்டவணைகள்.

போன வெள்ளிக்கிழமை அவள் கடிதம் வந்தது.

"அண்ணனுக்கு. ஜெரோம் டிக்கெட் எடுத்துட்டான். மெட்ராஸ்ல அவனே வண்டி ஏத்தி வுடுவான். அடுத்த மாசம் ரெண்டாவது செவ்வாக்கெழம காலைல அங்க எறங்கறேன். அண்ணிக்கு மல்லாட்ட வறுத்து எடுத்தாரேன். எனக்குப் பாய் போதும். வர்றதா இருந்தா சொல்லணும், அதான் சொல்லிட்டேன்."

திரும்பிப் போகிற டிக்கெட் பற்றி ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

ரெஜினாவிடம் படித்துக் காட்டினேன். வலக்கையைத் தூக்கி என் பக்கம் இரண்டு முறை அசைத்தாள். பல வருடம் முன்பு வாசலில் நிற்கிற விருந்தாளியை அப்படித்தான் உள்ளே கூப்பிடுவாள். இன்றைக்கு ஹாலை அளந்தேன். வாக்கர் போக இருபத்தேழு அங்குலம் வேண்டும். சுவரோரம் ஒரு மடக்குக் கட்டில் போட்டால் முப்பத்தொன்று மிஞ்சுகிறது. நான்கு அங்குலம் கூடுதல்.

காலையில் வாட்ச்மேனிடம் கேட்டேன். மூன்று நாளுக்கு மேல் தங்கும் விருந்தாளிக்கு அசோசியேஷன் படிவம் இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்தார். பெயர், உறவு, வரும் நாள், போகும் நாள், வீட்டுச் சொந்தக்காரர் கையெழுத்து. பிலோமினா என்று எழுதினேன். தங்கை என்று எழுதினேன். வரும் நாளை எழுதினேன். போகும் நாள் என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். அங்கே ஏதாவது எழுதினால் அவளைக் கூப்பிடாத அத்தனை வருடமும் அதில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆனந்துக்கு இன்னும் சொல்லவில்லை. காலியான கட்டத்தைப் பார்த்ததும் அவன் அதைத்தான் முதலில் கேட்பான். அவன் வேலை அப்படி.

இப்போது மணி நான்கு இருபது. அவன் ஜீடிமெட்லாவிலிருந்து வர ஏழாகும். படிவம் சாப்பாட்டு மேசைமேல், அவன் உட்காரும் இடத்தில் இருக்கிறது. காற்றில் பறக்காமல் இருக்கப் பேனாவை மேலே வைத்திருக்கிறேன்.